நூலகரை நெருங்கும் வழி (தொடர் – 9)

ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் வலிமையை அதிலுள்ள நூல்களின் எண்ணிக்கை, சந்தா கட்டி வரவழைக்கும் ஆய்விதழ்கள், கட்டடத்தின் பரப்பு ஆகியவற்றைக் கொண்டே அளப்பது நெடுநாள் வழக்கம். இவை எண்ணிச் சொல்லக் கூடியவை என்பதால் அந்த வழக்கம் எளிதாக நிலைத்தும் விட்டது. ஆனால், முதலாம் ஆண்டில் சேர்ந்த ஒரு மாணவர் பட்டம் பெற்று வெளியேறும்போது அந்த நூலகத்தில் பணியாற்றும் ஒருவரையேனும் பெயர் சொல்லி அறிந்திருந்தாரா, தெரியாததை அவரிடம் தயங்காமல் கேட்டாரா என்ற கேள்வி மதிப்பீட்டுப் படிவங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. நூல்களைப் பொருள்வாரியாகப் பகுக்கும் முறைகளும் அவற்றை அலமாரியில் வரிசைப்படுத்தும் முறைகளும் சென்ற வாரங்களில் விளக்கப்பட்டன. அத்தனை நுட்பமாக ஒழுங்குபடுத்திய நூலை உரிய மாணவரிடம் சேர்ப்பிக்கும் மனித உறவு எவ்வாறு நூலகவியலின் பாடமாயிற்று, பல்கலைக்கழகங்கள் அதை எந்த வழிகளில் வளர்த்தன, அதற்கு எல்லை எது என்பன இந்த வாரப் பகுதியின் பொருள்.

காவலர் உதவியாளரானது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரப் பொது நூலகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த சாமுவேல் ஸ்வெட் கிரீன், 1876இல் பிலடெல்பியாவில் கூடிய நூலகர் மாநாட்டில், நூலகருக்கும் வாசகருக்கும் இடையே நேர்முகப் பழக்கம் வேண்டும் என்று வாதிடும் கட்டுரையை முன்வைத்தார். அமெரிக்க நூலகச் சங்கம் பிறந்ததும் அதே மாநாட்டில்தான். நூல்களைக் காப்பதும் கேட்டதை எடுத்துத் தருவதுமே நூலகரின் கடமை என்று கருதப்பட்ட அக்காலத்தில், என்ன தேடுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரியாமல் வரும் தொழிலாளிக்கும் பள்ளிச் சிறுவருக்கும் இன்முகம் காட்டி, கேள்வியைச் செம்மைப்படுத்தி, விடை இருக்கும் நூலைக் கையில் கொடுப்பதும் நூலகரின் வேலையே என்று கிரீன் கூறினார். வந்தவர் எதுவும் வாங்காமல் திரும்புவதைக் கடைக்காரர் விரும்பாததைப் போல, விடை பெறாமல் வாசகர் திரும்புவதை நூலகரும் விரும்பக் கூடாது என்பது அவர் கருத்து. அதே கட்டுரையில் இரண்டு எச்சரிக்கைகளையும் அவர் சேர்த்திருந்தார்: உதவி பெறுபவர் உதவியையே நம்பி வாழும்படி செய்துவிடக் கூடாது, நூலகர் தம் சொந்தக் கொள்கையை வாசகர்மீது ஏற்றக் கூடாது. பின்னாளில் எழுந்த விவாதங்கள் பலவும் இந்த இரண்டைச் சுற்றியே நடந்தன.

கிரீன் பேசியது நகரப் பொது நூலகத்தைப் பற்றி. உயர்கல்வியில் அந்தச் சிந்தனைக்கு இடம் தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் மெல்வில் டூயி. 1883இல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா கல்லூரியின் நூலகராகப் பொறுப்பேற்ற அவர், நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்ததோடு, வாசகரின் கேள்விகளுக்கு உதவுவதற்கென்றே பணியாளர்களையும் அமர்த்தினார். நூலகத் துறையினர் இன்று ‘ரெஃபரன்ஸ்’ என்று வழங்கும் குறிப்புதவிப் பணி, அதாவது வாசகரின் தேவையை அறிந்து உரிய நூலையோ தகவலையோ கண்டடைய உதவும் பணி, கல்லூரி வளாகத்துக்குள் தனிப் பிரிவாகக் காலூன்றியது இவ்வாறுதான்.

சென்னை தந்த கோட்பாடு

நேர்முக உறவைப் பண்பாகவோ பணிவாகவோ மட்டும் கருதாமல், நூலகவியலின் அடிப்படை விதிகளிலிருந்து பெறப்படும் கடமையாக நிறுவியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழியில் 1892இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924 ஜனவரியில் நூலகர் பதவியை ஏற்றார். ஏற்ற சில நாட்களிலேயே அந்த வேலையின் தனிமையும் வெறுமையும் பிடிக்காமல் கற்பிக்கும் பணிக்கே திரும்ப விரும்பினார் என்பது அவர் வரலாற்றில் பலரும் குறிப்பிடும் செய்தி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளிக்கு அனுப்பப்பட்ட அவர், தம் ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ் தலைமை வகித்த குராய்டன் பொது நூலகத்திலும் இங்கிலாந்தின் வேறு நூலகங்களிலும், குழந்தைகள் முதல் தொழிலாளர்வரை எல்லோருக்கும் நூல் சென்று சேர்வதைக் கண்டார். 1925இல் சென்னைக்குத் திரும்பியபோது, நூலகத்தை விட்டு விலகும் எண்ணம் அவரிடம் இல்லை.

1928இல் உருவாக்கி 1931இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக அவர் கொண்டுவந்த ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகவியல் மாணவர்களின் முதல் பாடமாக இருக்கின்றன. நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும், நூலகம் வளரும் உயிரி என்பன அவை. இவற்றுள் இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் ஒரே உறவை இரு முனைகளிலிருந்து பார்க்கின்றன. வாசகருக்கு உரிய நூல் எது என்பதை அறிய வாசகரை அறிந்திருக்க வேண்டும்; நூலுக்கு உரிய வாசகர் யார் என்பதை அறிய நூலையும் அறிந்திருக்க வேண்டும்; இரண்டையும் அறிந்த ஒருவர் நடுவில் இல்லாவிட்டால் இரு விதிகளும் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

இந்தத் தேவையை மேலும் கூர்மையாக்கியது திறந்த அலமாரி முறை. நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஊழியர் உள்ளே சென்று எடுத்துவரும்வரை காத்திருப்பது மூடிய முறை. வாசகரே அலமாரிகளுக்கிடையே நடந்து, விரும்பியதை எடுத்துப் புரட்டிப் பார்ப்பது திறந்த முறை. ரங்கநாதன் திறந்த முறையை வற்புறுத்தினார். ஆனால், கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். ஆயிரக்கணக்கான நூல் முதுகுகளுக்கு முன்னால் முதன்முறையாக நிற்கும் மாணவருக்கு அந்தச் சுதந்திரமே திகைப்பைத் தரும். தன் வாசகரைத் தேடிச் செல்ல நூலுக்குக் காலும் இல்லை, வாயும் இல்லை. ஆகவே, அதன் சார்பில் பரிந்து பேசும் பணியாளர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திராமல் வாசகர் இருக்கும் இடத்துக்கே செல்ல வேண்டும் என்ற முடிவுக்கு அவருடைய விதிகள் இட்டுச்செல்கின்றன.

குறிப்புதவிப் பணியைத் தனிநூலாக அவர் விரித்தெழுதியது 1940இல். அப்பணியை அவர் நான்காகப் பிரித்தார். புதிதாக வருபவருக்கு நூலகத்தின் அமைப்பையும் நூற்பட்டியலையும் பகுப்புமுறையையும் பழக்குவது முதலாவது. பொதுவான வாசகருக்கு அவ்வப்போது வேண்டிய உதவியைச் செய்வது இரண்டாவது. அகராதி, ஆண்டுமலர், விவரத்திரட்டு போன்றவற்றைப் புரட்டிச் சில நிமிடங்களில் விடை தருவது மூன்றாவது. ஆய்வாளருக்காகப் பல நூல்களிலும் இதழ்களிலும் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ தேடித் தருவது நான்காவது. புதியவரைப் பழக்குவதை முதற்படியாக வைத்ததில் ஆசிரியரின் அனுபவம் தெரிகிறது: பின்வரும் மூன்று உதவிகளையும் கேட்டுப் பெறும் துணிவு மாணவருக்கு அந்த முதல் சந்திப்பில்தான் கிடைக்கிறது.

கேள்விக்குள் இருக்கும் கேள்வி

மாணவர் கேட்பது ஒன்றாகவும் அவருக்கு வேண்டியது வேறாகவும் இருப்பது நூலகர்களின் அன்றாட அனுபவம். இதன் காரணத்தை 1968இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அமெரிக்க அறிஞர் ராபர்ட் எஸ்.டெய்லர் ஆராய்ந்தார். தகவல் தேவை நான்கு நிலைகளைக் கடக்கிறது என்பது அவர் விளக்கம்: சொல்லில் அடங்காத ஒரு குறை மனத்தில் தோன்றுவது முதல் நிலை; அது மங்கலாக உருப்பெறுவது இரண்டாம் நிலை; தெளிவான கேள்வியாக அமைவது மூன்றாம் நிலை; நூலகத்தில் எது கிடைக்கும், நூலகருக்கு எது புரியும் என்று மாணவர் தாமே கணக்கிட்டு அந்தக் கேள்வியைச் சுருக்கியோ மாற்றியோ வெளியிடுவது நான்காம் நிலை. நூலகரின் காதில் விழுவது இந்தக் கடைசி வடிவம் மட்டுமே.

வரலாறு படிக்கும் மாணவி ஒருவர் கவுன்டருக்கு வந்து, “சார், காவிரி பத்தி புக்ஸ் எங்க இருக்கு?” என்று கேட்பதாக வைத்துக்கொள்ளலாம். “ரெண்டாவது மாடி, இடப்பக்கம்” என்பது பிழையற்ற விடைதான், ஆனால் பயனற்றது. அங்கே புவியியலும் நதிநீர்ச் சட்டமும் கோயில் வரலாறும் பயணநூல்களும் கலந்து கிடக்க, எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் அவர் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடக் கூடும். “உட்காரும்மா, எந்தக் காலத்தைப் பத்திப் பாக்கிறீங்க? புராஜெக்ட்டா, செமினாரா?” என்று இரண்டு கேள்விகள் கேட்டால், 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் தஞ்சைப் பகுதியின் சாகுபடி எவ்வாறு மாறியது என்பதே அவர் அறிய விரும்புவது என்று தெரியவரும். அப்போது மாணவிக்கு வேண்டியவை மாவட்டக் கெசட்டியர்களும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளும் வேளாண் துறையின் பழைய ஆண்டறிக்கைகளும் என்பதும், அவற்றுள் பல பொது அலமாரியில் இல்லாமல் அரசு வெளியீடுகளுக்கான தனிப் பிரிவில் இருக்கும் என்பதும் நூலகருக்கு விளங்கும். நூலகவியலில் ‘குறிப்புதவி நேர்காணல்’ என்று பயிற்றுவிக்கப்படுவது இந்தச் சில நிமிட உரையாடலே.

கூச்சம் என்னும் தடை

உரையாடலுக்கு ஆள் இருந்தும் மாணவர்கள் ஏன் வருவதில்லை என்ற வினாவுக்குத் தெளிவான முதல் விடை 1986இல் கிடைத்தது. அமெரிக்காவின் தென்மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில், தொடக்கநிலை எழுத்துப் பயிற்சி வகுப்புகளின் மாணவர்கள் தங்கள் நூலகத் தேடலைப் பற்றி எழுதிய குறிப்புகளை இரண்டு ஆண்டுகள் திரட்டி ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் மெலன், அவர்களுள் 75 முதல் 85 விழுக்காட்டினர் நூலகத்தை முதலில் எதிர்கொண்டதை அச்சம் சார்ந்த சொற்களாலேயே விவரித்திருந்ததைக் கண்டார். இதற்கு அவர் இட்ட பெயர் ‘நூலகப் பதற்றம்’. கட்டடத்தின் அளவு, எது எங்கே உள்ளது என்ற அறியாமை, எப்படித் தொடங்குவது, என்ன செய்வது என்ற குழப்பம் ஆகியவை அதன் வேர்கள் என்றாலும், மெலன் கண்ட ஆழமான காரணம் வேறொன்று: மற்ற மாணவர்களுக்கெல்லாம் இது தெரியும், தனக்கு மட்டுமே தெரியாது, கேட்டால் அந்த அறியாமை வெளிப்பட்டுவிடும் என்ற வெட்கம். அந்த வெட்கத்தைப் பெரும்பாலோர் ஒரே சமயத்தில் தனித்தனியாகச் சுமந்திருந்தனர். 1992இல் ஷாரன் போஸ்டிக் இந்தப் பதற்றத்தை அளக்கும் வினாநிரலை வகுத்தபோது, அவர் இனங்கண்ட ஐந்து கூறுகளுள் பணியாளரை அணுகுவதிலுள்ள தடையும் ஒன்றாக இடம்பெற்றது.

தமிழ்நாட்டுச் சூழலில் இந்தத் தடைக்கு மேலும் சில அடுக்குகள் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவரும் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவருமான மாணவர், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்த நூற்பட்டியலை எதிர்கொள்கிறார். வாசலில் பையை வைத்துவிட்டு, அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையொப்பமிட்டு உள்ளே நுழையும் நடைமுறை நூல்களின் பாதுகாப்புக்கு வேண்டியதே. எனினும், நூலகத்தோடு அவருக்கு ஏற்படும் முதல் உறவு சோதனைக்கு உட்படுபவரின் உறவாக அமைந்துவிடுகிறது. அதன்பின் பணியாளரோடு பேச நேர்வது தாமதத்துக்கு அபராதம் கட்டும்போதும், படிப்பு முடிந்து ‘நோ டியூ’ கையொப்பம் பெறும்போதும்தான். உதவி கேட்கத் தயங்கும் மாணவரைக் குறைகூறுவதற்கு முன், அவர் நூலகரைச் சந்திக்கும் தருணங்கள் எவை என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நூலகர் தேடிச் சென்றபோது

தயக்கம் மாணவரிடம் இருக்கையில் முதல் அடியை நூலகரே எடுத்துவைக்க வேண்டும் என்ற தெளிவிலிருந்து பல திட்டங்கள் பிறந்தன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவ நூலகம் 1996இல் ‘தனி நூலகர்’ திட்டத்தைத் தொடங்கியது. 2008இல் அதே பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நூலகர் பெயர் சொல்லி ஒதுக்கப்படுகிறார். அந்த நூலகர் தாமாகவே மடல் எழுதித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பருவத்தின் இடையிடையே நினைவூட்டுகிறார். மாணவர் சிறப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுத்த பின் அத்துறைக்குரிய நூலகரிடம் ஒப்படைக்கிறார். எல்லா ஐயங்களையும் அந்த ஒருவரே தீர்ப்பார் என்பது இதன் பொருளன்று. யாரைக் கேட்பது என்று தெரியாதவருக்குக் கேட்பதற்கு ஒரு பெயர் கிடைக்கிறது. நூலகமும் ‘அலுவலகம்’ என்ற நிலையிலிருந்து ‘இன்னார்’ என்ற நிலைக்கு மாறுகிறது.

மாணவர் வாழ்க்கையை மானிடவியல் முறைகளால் ஆராய்ந்து அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்ட நூலகமும் உண்டு. நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் பல்கலைக்கழக நூலகம் மானிடவியலாளர் நான்சி பிரைட் ஃபாஸ்டரைப் பணியில் அமர்த்தி நடத்திய ஆய்வு 2007இல் நூலாக வந்தது. கட்டுரை எழுதுவதில் சிக்கல் வந்தால் மாணவர்கள் நூலகரை நாடாமல் பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள் என்பது அதன் கண்டுபிடிப்புகளுள் ஒன்று. இதைக் குறையாகக் கருதிப் புலம்பாமல், சேர்க்கை நாட்களில் பெற்றோருக்கே காலையுணவு விருந்து வைத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நூலகர் உண்டு என்ற செய்தியை அவர்கள் மனத்தில் பதித்தது அந்நூலகம். மாணவர் யாரை நம்புகிறாரோ அவர் வழியாகவே மாணவரைச் சென்றடைவது அதன் உத்தி. இல்லினாய் மாநிலத்தின் ஐந்து பல்கலைக்கழகங்களில் 2008 முதல் 2010 வரை நடந்த கூட்டாய்விலும், மாணவர்கள் நூலகரிடம் உதவி கேட்பது மிகக் குறைவு என்பதும், நூலகரிடம் அவர்களை அனுப்பிவைப்பதில் பேராசிரியரின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதும் தெரியவந்தன.

பேராசிரியரோடு கைகோத்து, நூலகர் வகுப்பறைக்கே சென்று ஒரு பாடத்தின் உறுப்பினரைப் போல இயங்குவது ‘உள்ளமர்ந்த நூலகர்’ முறை. ஈராக் போரின்போது படைப்பிரிவுகளோடு தங்கிச் செய்தி அனுப்பிய நிருபர்களுக்கு வழங்கிய பெயரிலிருந்து 2004 வாக்கில் இப்பெயர் நூலகத் துறைக்கு வந்தது. வேடிக்கை போலத் தோன்றிய முயற்சிகளும் இவற்றோடு உண்டு: யேல் சட்டப் பள்ளி நூலகம் 2011இல் தேர்வுக்கால மன அழுத்தத்தைத் தணிக்க, மாண்டி என்ற பயிற்சி பெற்ற நாயோடு அரைமணி நேரம் செலவிட மாணவர்களை அனுமதித்தபோது அது செய்தித்தாள்களுக்குத் தீனியாயிற்று. கூச்சத்தைத் தளர்த்துவதில் இத்தகையவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால், உள்ளே வந்தவரிடம் பேசுவதற்கு ஓர் ஆள் இல்லையென்றால் அந்தப் பயன் அன்றோடு முடிந்துவிடும்.

நெருக்கத்தின் எல்லை

மாணவரை நன்கு அறிவது வேறு. அவரைக் கண்காணிப்பது வேறு. யார் எந்த நூலை எடுத்தார், எதைத் தேடினார், எத்தனை மணிக்கு வந்தார் என்பவை அனைத்தும் கணினியில் பதிவாகும் இக்காலத்தில், அந்தத் தரவைக் கொண்டு படிப்பில் பின்தங்கும் மாணவரை முன்கூட்டியே கண்டறியலாம் என்ற வாதம் பல்கலைக்கழகங்களில் வலுத்துவருகிறது. நோக்கம் நல்லதாயினும், மனநோய் பற்றியோ மதமாற்றம் பற்றியோ நூல் எடுக்கும் மாணவர், அது பிறர் கண்ணில் படும் என்று எண்ணினால் எடுக்கவே மாட்டார். அமெரிக்க நூலகச் சங்கம் 1939இல் வகுத்த ஒழுக்கநெறியிலேயே வாசகரின் செய்திகளை இரகசியமாகக் காக்கும் கடமை இடம்பெற்றிருந்தது; நூல் திரும்பியதும் நூலுக்கும் வாசகருக்கும் இடையிலான பதிவை அழித்துவிடும் வழக்கம் பல நூலகங்களில் இந்த அடிப்படையில் வந்ததே. மாணவர் தாமாகச் சொன்னதை மட்டும் வைத்து வளரும் உறவே நூலகருக்கு உரியது.

மற்றோர் எல்லை நூலகரின் கைக்கு எட்டும் அளவு. பணியிடங்கள் நிரப்பப்படாத நூலகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி நூலகர் என்று அறிவிப்பது வெறும் அறிவிப்பாகவே முடியும். இந்தியப் பல்கலைக்கழகங்களில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்திருக்கிறது: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின், ஆய்வேட்டின் ஒப்புமை அளவை மென்பொருளால் சோதிக்கும் வேலை பல இடங்களில் நூலகத்திடம் வந்துசேர்ந்துள்ளது. ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை என்பது விதி. ஆகவே, நான்கைந்து ஆண்டுகள் நூலகரைச் சந்திக்காத ஆய்வாளர், கடைசி மாதத்தில் அறிக்கைக்காக அவர் முன் நிற்க நேர்கிறது. மேற்கோள் காட்டும் முறையையும் தரவுத்தளங்களில் தேடும் முறையையும் முதலாண்டிலேயே கற்றுத்தரும் துணைவராக அவரைச் சந்தித்திருந்தால், அந்தக் கடைசிச் சந்திப்பு அச்சம் தருவதாக இராது.

இங்கே பெரும் பொருட்செலவின்றிச் செய்யக் கூடியவை பல உண்டு. சேர்க்கை நாளின் கூட்ட நெரிசலில் நூறு பேருக்கு ஒருசேர நூலகத்தைச் சுற்றிக்காட்டுவதற்குப் பதிலாக, முதல் கட்டுரைப் பணி கொடுக்கப்படும் வாரத்தில் துறைவாரியாகச் சிறு குழுக்களை அழைக்கலாம்; ஒவ்வொரு துறைக்கும் பொறுப்பான நூலகப் பணியாளரின் பெயரைப் பாடத்திட்டத் தாளிலேயே அச்சிடலாம்; அபராதம் வாங்கும் இடத்தையும் உதவி கேட்கும் இடத்தையும் தனித்தனியே அமைக்கலாம்; கேள்விகளைத் தமிழிலேயே கேட்கலாம் என்பதை வாசலில் எழுதிவைக்கலாம். இவை அனைத்தும் ரங்கநாதன் முதற்படியாக வைத்த ‘புதியவரைப் பழக்குதல்’ என்ற பணிக்குள் அடங்குபவை.

இந்த உறவின் வெற்றியை மாணவர் நூலகரிடம் எத்தனை முறை வந்தார் என்பதைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. முதலாண்டில் நூல் இருக்கும் இடத்தைக் கேட்டவர் இரண்டாமாண்டில் எந்தத் தரவுத்தளம் பொருந்தும் என்று கேட்கிறாரா, இறுதியாண்டில் தாம் கண்டெடுத்த ஆவணத்தை எவ்வளவு நம்பலாம் என்று விவாதிக்கிறாரா என்பதே உண்மையான அளவு. உதவி பெறுபவர் தம் காலில் நிற்க வேண்டும் என்ற கிரீனின் எச்சரிக்கை கைவிடச் சொல்லவில்லை. மாணவரின் கேள்வி ஆண்டுக்காண்டு கடினமாகும்படி துணைநிற்கச் சொல்கிறது. அவ்வாறு கடினமாகும் கேள்விகளுக்கு நூலகரும் படித்துத் தயாராக வேண்டியிருப்பதால், இந்த உறவில் வளர்வது மாணவர் மட்டுமல்லர்.

*(அடுத்த வாரம்: அட்டைப் பெட்டியிலிருந்து கணினித் திரைக்கு – நூற்பட்டியலின் பயணம்)*